ஒரே வீட்டில் இரண்டு முதலாண்டு

முதலிபாளையம்,
6-7-2025

அன்பு மகள் நாகஜோதிக்கு,

அம்மா ராமுத்தாய் எழுதுவது. நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம். தண்ணீர் மாறியதில் உனக்குச் சளி பிடித்ததா, ஹாஸ்டல் சாப்பாடு ஒத்துக்கொண்டதா என்று எழுது.

போனில் பேசத்தானே போகிறோம், கடிதம் எதற்கு என்று நினைப்பாய். ஞாயிற்றுக்கிழமை உங்கள் வார்டன் போனைக் கையில் கொடுக்கிற அரை மணி நேரத்தில் முக்கால்வாசியை அப்பாவே பேசித் தீர்த்துவிடுகிறார். அது மட்டும் இல்லை. எனக்கு எழுதிப் பளக வேண்டும் என்று ஓர் ஆசை. ஏன் என்று அப்புறம் சொல்கிறேன். பேனா பிடித்து இருபத்து நாலு வருசம் ஆகிறது. பிளை இருந்தால் பொறுத்துக்கொள்.

உன்னை மதுரையில் விட்டுவிட்டு வந்த அன்று தாராபுரம் வரைக்கும் அப்பா வாயைத் திறக்கவில்லை. அங்கே டீ குடிக்கும்போதுதான், "புள்ள கட்டிலு சன்னலோரமா இருக்குல்ல?" என்று கேட்டார். இருக்கிறது என்றேன். அதற்குப் பிறகு தூங்கிவிட்டார்.

கட்டாயமான ஐந்து தாள் போக, சாயங்காலம் நடக்கிற சான்றிதழ் வகுப்புகளில் எத்தனை சேரலாம் என்று கேட்டாயே. அப்பா, "எல்லாத்தையும் எடுத்துப்புடு" என்று சொன்னார். அவர் பனியன் கம்பெனி அயர்ன் டேபிளில் எத்தனை பீஸ் வந்து விழுந்தாலும் மாட்டேன் என்று சொல்லாத ஆள். நான் ஒவ்வொன்றாகக் குறை பார்த்து ஒதுக்குகிற செக்கிங்கில் நிற்கிறவள். பீஸ் கூடக்கூடக் கண் ஏமாந்துபோகும். முதல் செமஸ்டரில் ஒன்று எடு. ஒத்துவந்தால் அடுத்ததில் இன்னொன்று. முடிவு உன்னுடையது.

தலைக்கு எண்ணெய் வை.

அம்மா

*

மதுரை,
14-7-2025

அன்புள்ள அம்மாவுக்கு,

சளியும் இல்லை, காய்ச்சலும் இல்லை. சாம்பாரில்தான் புளி தூக்கல். உன் கழுத்து வலி எப்படி இருக்கிறது? அப்பா சைக்கிளை ரிப்பேர் செய்தாரா?

இந்த ஹாஸ்டலிலேயே கடிதம் வந்த ஒரே ஆள் நான்தான். வார்டன் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். என் அறையில் ரோஸ்மேரி என்று ஒரு தூத்துக்குடிப் பெண் இருக்கிறாள். "எங்க வீட்டுக்கு பேங்க்லேருந்து மட்டுந்தான் லெட்டர் வரும்" என்றாள்.

அம்மா, நீ சொன்னது புரிகிறது. ஆனால் நான் மூன்றுமே எடுத்துவிட்டேன். திங்களும் புதனும் பிரெஞ்சு, செவ்வாயும் வியாழனும் கணினி, சனிக்கிழமை முழுக்கப் போட்டித் தேர்வுப் பயிற்சி. எங்கள் வகுப்பு ஆசிரியை, "முதல் செமஸ்டர்ல ஒண்ணு போதும்மா. காலேஜ் கொஞ்சம் பழகட்டும்" என்றார். "ப்ளஸ் டூவுல ஐந்நூத்தி எழுபத்தொண்ணு மேடம்" என்றேன். கையெழுத்துப் போட்டுவிட்டார்.

படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது. குடும்பத்தில் முதல் பட்டதாரியா என்று. ஆம் என்று எழுதினேன். எழுதிவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா வழியிலும் உன் வழியிலும் எத்தனை தலைக்கட்டு. ஒருத்தர்கூட இல்லை, நான்தான். அப்படி இருக்கும்போது ஒன்று போதும் என்று நான் எப்படி எடுப்பேன்?

எதற்காக எழுதிப் பழகுகிறாய்? சொல்லாமல் விட்டுவிட்டாயே.

உன் ஜோதி

*

முதலிபாளையம்,
27-7-2025

அன்பு மகள் ஜோதிக்கு,

கழுத்து வலி இருக்கிறது, ஆனால் வேலைக்கு இடைஞ்சல் இல்லை. சைக்கிளுக்குப் புது டயர் போட்டாயிற்று. மூன்றும் எடுத்துவிட்டாய் என்றால் சரி. பகல் சாப்பாட்டை மட்டும் விட்டுவிடாதே.

நீ கேட்டதற்குப் பதில் சொல்ல வெட்கமாக இருக்கிறது. நான் கல்லூரியில் சேர்ந்திருக்கிறேன். திறந்தநிலைப் பல்கலைக்கழகம் என்று இருக்கிறதே, வீட்டில் இருந்தே படிப்பது. பி.ஏ. வரலாறு. நீ எடுத்த அதே பாடம்தான். உன்னைப் பார்த்து எடுக்கவில்லை. ப்ளஸ் டூவில் எனக்கு வரலாற்றில் இருநூற்றுக்கு நூற்று எண்பது. உன்னிடம் சொன்னதில்லை. மறு மாதமே கல்யாணம் என்பதால் அந்த மார்க்கை யாரும் கேட்கவில்லை.

எங்கள் கம்பெனி ஆபீசில் தரணி என்று ஒரு பிள்ளை வேலை பார்க்கிறாள். டீ நேரத்தில் கம்ப்யூட்டரில் எதையோ நிரப்பிக்கொண்டிருந்தாள். அவள் தம்பிக்காம். "பழைய சர்ட்டிபிகேட் இருந்தா யாரு வேணாலும் சேரலாமுங்க அக்கா. வயசு கெடையாதுங்க" என்றாள். என் சர்ட்டிபிகேட் ட்ரங்குப் பெட்டிக்குள் பத்திரமாக இருந்தது. மறுநாள் எடுத்துக்கொண்டு போய்விட்டேன். ஞாயிற்றுக்கிழமை நேரடி வகுப்பு என்பதால் முதலாளி ஆத்தப்பனிடம் கேட்டேன். "படிங்க, நல்லதுதானுங்க. ஷிப்மென்ட் வாரத்துல மட்டும் வரமாட்டேன்னு சொல்லிப்போடாதீங்க" என்றார்.

பரிச்சை மூன்று மணி நேரமாம். எனக்குப் பத்து நிமிசம் எழுதினாலே கை வலிக்கிறது. அதற்குத்தான் உனக்கு எழுதிப் பளகுகிறேன்.

இப்போது நீ எனக்கு ஒன்று சொல்ல வேண்டும். இந்த முறை நாலு தாள். நாலையும் எழுத வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஒன்றோ இரண்டோ எழுதிவிட்டு மிச்சத்தை அடுத்த முறை எழுதலாம். நான் எத்தனை எழுதட்டும்? நீ சொல்கிறபடி செய்கிறேன்.

அம்மா

*

மதுரை,
19-8-2025

அன்புள்ள அம்மாவுக்கு,

நலம். லேசான தலைவலி, வேறொன்றும் இல்லை. பதில் எழுத நாளாகிவிட்டது. மூன்று வகுப்பும் மும்முரமாகப் போகின்றன. எல்லாம் நன்றாக இருக்கிறது.

நீ சேர்ந்ததில் சந்தோஷம். ஆனால் சேர்வதற்கு முன்பே என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பாடமாவது வேறு எடுத்திருக்கலாம். தமிழ் எடுத்திருந்தால் உனக்குச் சுலபமாக இருந்திருக்கும். வரலாறு என்றால் நிறைய வாசிக்க வேண்டும், மேற்கோள் காட்ட வேண்டும்.

நீ ஒரு தாள் மட்டும் எழுது. ஒன்றரை ஷிப்டு நின்றுகொண்டே வேலை. கண்ணுக்கும் கழுத்துக்கும் ஓய்வு இல்லை. நாலு தாளையும் இழுத்துப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு அலைய வேண்டாம். மூன்று வருடத்தில் முடிக்க வேண்டும் என்று உனக்கு என்ன அவசரம்? ஆறு வருடம் ஆனாலும் ஆகட்டும். நான் முடித்துவிட்டு வந்து உனக்குச் சொல்லித் தருகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா போனில் உன் படிப்பைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். என் வகுப்பைப் பற்றிக் கேட்பதற்குள் நேரம் முடிந்துவிட்டது.

ஜோதி

*

முதலிபாளையம்,
31-8-2025

அன்பு மகள் ஜோதிக்கு,

தலைவலி விட்டதா? அப்பாவுக்கு அயர்ன் ஆவி பட்டுக் கையில் வந்த கொப்புளம் ஆறிவிட்டது. நான் நன்றாக இருக்கிறேன்.

நீ சொன்னபடி ஒரு தாள்தான் எழுதுவதாக இருக்கிறேன். எந்தத் தாள் என்று இனிமேல்தான் பார்க்க வேண்டும்.

போன ஞாயிற்றுக்கிளமை வகுப்பில் நடந்ததை உனக்குச் சொல்ல வேண்டும். சிந்துவெளி பற்றிய பாடம். மொகஞ்சதாரோவில் ஒரு வெள்ளிச் சாடியில் ஒட்டிக்கொண்டு சிரு துண்டு பருத்தித் துணி கிடைத்ததாம். "மத்த துணியெல்லாம் மக்கிப்போச்சு. இது மட்டும் எப்படித் தப்பிச்சுது?" என்று சார் கேட்டார். எல்லோரும் புத்தகத்தைப் புரட்டினார்கள். நான் கையைத் தூக்கினேன். "சாடியோட களிம்பு துணியில ஊறியிருக்கும் சார். எங்க கம்பெனியில எண்ணெய்க் கறையக்கூட எடுத்துப்புடுவோம். உலோகக் கறை ஊறுனா போகாது. அந்த எடத்துல பூச்சியும் வாய் வைக்காது" என்றேன். சார் கையில் இருந்த புத்தகத்தை மூடினார். அப்புறம், "நீங்க முன்னாடி வந்து சொல்லுங்கம்மா" என்றார்.

கரும்பலகைக்குப் பக்கத்துச் சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டேன். நூல் எப்படி முறுக்கேறுகிறது, நெய்த துணிக்கும் பின்னிய துணிக்கும் என்ன வித்தியாசம், எண்ணெய் பட்டால் என்ன ஆகும் என்று பத்து நிமிடம் பேசினேன். கறுப்புச் சேலை கட்டிய ஒரு போலீஸ்காரம்மா எல்லாவற்றையும் நோட்டில் குறித்துக்கொண்டது. அவ்வளவு மகிள்ச்சி எனக்கு எப்போது வந்தது என்று யோசித்துப் பார்த்தேன். தெரியவில்லை.

வீட்டுக்கார ரங்காத்தாள் அம்மா, "ஏனுங்க ராமுத்தாயி, கலெக்டராகறது நீங்களா உங்க புள்ளயாங்க?" என்று கேட்கிறார். சிரித்துக்கொண்டுதான் கேட்கிறார்.

உன்னிடம் சொல்வதற்கு என்ன. உன் மேல் எனக்குக் கொஞ்சம் பொராமைதான். எட்டு மணி வரைக்கும் நூலகம். சன்னலோடு ஓர் அரை. படிப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. நான் பளைய சாதத்தைக் கரைத்து வைத்துக்கொண்டு ஒரு கையால் புத்தகத்தைப் பிடித்தபடி படிக்கிறேன்.

நீயும் உன் வகுப்பில் நடந்ததை எழுது.

அம்மா

*

மதுரை,
10-9-2025

அம்மாவுக்கு,

நலம். உன் கடிதம் வந்தது.

பரீட்சைக்குப் பழகத்தானே எழுதுகிறாய். அதனால் உன் கடிதத்தையே திருத்தி இத்துடன் அனுப்பியிருக்கிறேன். சிவப்பு மையில் சுழித்தவை பிழைகள். பக்கத்தில் சரியான சொல்லை எழுதியிருக்கிறேன். இரண்டு பக்கத்தில் ஒன்பது பிழை. 'பொறாமை' என்பதில் வருவது வல்லின ற. அதுகூடத் தெரியாமல் எழுதினால் திருத்துகிறவர்கள் முதல் பக்கத்திலேயே முடிவு செய்துவிடுவார்கள்.

வகுப்பில் எழுந்து பேசுவதும் விடைத்தாளில் எழுதுவதும் ஒன்றல்ல. இந்த நிலைமையில் ஒரு தாள்கூட வேண்டாம் என்று தோன்றுகிறது. இந்த வருடம் எழுதிப் பழகு. பரீட்சை அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம்.

எனக்கு முதல் உள்தேர்வு முடிந்தது. நன்றாக எழுதியிருக்கிறேன்.

ஜோதி

*

மதுரை,
27-9-2025

அன்புள்ள அம்மாவுக்கு,

சுகமாக இருக்கிறாயா? பதினைந்து நாளுக்கு மேல் ஆகிவிட்டது, உன்னிடமிருந்து ஒரு வரிகூட வரவில்லை. இரண்டு ஞாயிறும் போனை அப்பாதான் எடுத்தார். "அம்மா வேலைக்குப் போயிருக்கு" என்கிறார். ஞாயிற்றுக்கிழமை உனக்கு வகுப்பு ஆயிற்றே என்று கேட்டால், "நீ நல்லாப் படி" என்கிறார்.

ஆயுத பூஜைக்கு நான் வரவில்லை. சனிக்கிழமை வகுப்பில் தேர்வு வைக்கிறார்கள். கம்பெனியில் கொடுக்கிற பொரியை எனக்கும் கொஞ்சம் எடுத்துவை.

தபால்காரர் வரும்போதெல்லாம் ரோஸ்மேரி, "உங்க அம்மா ஏன் எழுதல?" என்று கேட்கிறாள். வேலை அதிகம் என்று சொல்லியிருக்கிறேன்.

இரண்டு வரியாவது எழுது.

ஜோதி

*

முதலிபாளையம்,
5-10-2025

மகள் நாகஜோதிக்கு அப்பா பாண்டித்துரை எழுதுவது.

நல்லா இருக்கியா. நாங்கள் இருக்கிறோம். எனக்குக் கடிதம் எழுத வராது. தரணிப் பிள்ளையைக் கூப்பிட்டு எழுதச் சொல்லலாம் என்று பார்த்தேன். இது வீட்டுப் பேச்சு. அதனால் நானே எழுதுகிறேன்.

நீ சிவப்பு மை போட்டு அனுப்பிய கடிதத்தை அம்மா நின்றுகொண்டே படித்தாள். அப்புறம் உட்கார்ந்து ஒவ்வொரு வார்த்தையையும் பத்துத் தடவை எழுதினாள். பிறகு ரங்காத்தாள் அம்மா வீட்டுக்குப் போய்ப் பெரிய அகராதி வாங்கி வந்தாள். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மறுநாள் புத்தகத்தையெல்லாம் பாலித்தீன் பையில் போட்டுக் கட்டி மேலே பரணில் ஏற்றிவிட்டாள். "ஏண்டி?" என்றேன். "புள்ள சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள். அவ்வளவுதான் பேச்சு. இப்போது ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குப் போகிறாள்.

நேற்று ரங்காத்தாள் அம்மா என்னை நிறுத்தி, "ஏனுங்க பாண்டித்துரை, உங்கூட்டு அம்மிணி படிக்கறத உட்டுப்போட்டாங்களா? வெடியால நாலரைக்கெல்லாம் உங்கூட்டுல லைட்டு எரியும். இப்பக் காணோமுங்களே" என்றார்.

பரிட்சைக்குப் பேர் கொடுக்க 17ஆம் தேதி கடைசி என்று தரணி சொன்னது. நான் யாரையும் குத்தம் சொல்லவில்லை. நீ படித்த பிள்ளை. உனக்குத்தான் தெரியும்.

அப்பா

*

மதுரை,
9-10-2025

அம்மா,

நலம் விசாரிக்க எனக்கு முகம் இல்லை. அப்பாவின் கடிதம் இன்று காலை வந்தது.

முதலில் என் படிப்பைச் சொல்லிவிடுகிறேன். உள்தேர்வு நன்றாக எழுதினேன் என்றது பொய். ஐந்தில் இரண்டில் தோற்றுவிட்டேன். பிரெஞ்சு வகுப்பை ஆகஸ்டிலேயே விட்டுவிட்டேன். கணினியை ஆயுத பூஜைக்கு முந்தின வாரம் விட்டேன். சனிக்கிழமை வகுப்பில் தேர்வு எதுவும் இல்லை. முகத்தைக் காட்ட முடியாமல்தான் வீட்டுக்கு வரவில்லை. ஆசிரியை என்னைக் கூப்பிட்டு, "ஒண்ணு போதும்னு சொன்னேனேம்மா" என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை.

இனி உன் விஷயம். நீ சேர்ந்திருக்கிறேன் என்று எழுதியபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை அம்மா. கணக்குப் போட்டுப் பார்த்தேன். உனக்கும் மூன்று வருடம், எனக்கும் மூன்று வருடம். நான் 'ஆம்' என்று எழுதிய கட்டத்தில் நீயும் வந்து நிற்பது மாதிரி இருந்தது. அதனால்தான் ஒரு தாள் எழுது, ஆறு வருடம் ஆகட்டும் என்றேன். உன் கழுத்தை நினைத்துச் சொல்லவில்லை.

பருத்தித் துணியைப் பற்றி நீ எழுதியதை ரோஸ்மேரி கேட்டு வாங்கிப் படித்தாள். "எம்மா, நம்ம மேடத்தவிட உங்க அம்மா நல்லா சொல்லுதாவ. எங்க அம்மைக்குக் காட்டணும், நான் ஒரு காப்பி எழுதிக்கிடட்டா?" என்று கேட்டாள். அன்று காலையில்தான் உள்தேர்வுத் தாளை வாங்கியிருந்தேன். என் தாளில் இருந்த சிவப்பு மையைப் பார்த்துவிட்டு, சிவப்புப் பேனாவை எடுத்து உன் கடிதத்தின் மேல் வைத்தேன்.

ஆறு பிழைதான் இருந்தது. ஆறு போதவில்லை எனக்கு. சுவரில், கறுப்பு, எண்ணெய், மூன்றையும் நீ சரியாகத்தான் எழுதியிருந்தாய். 'சுவற்றில்' என்று எழுதக் கூடாது என்று ஒன்பதாம் வகுப்பிலேயே படித்தவள் நான். தெரிந்தேதான் சுழித்தேன்.

நாலு தாளுக்கும் பேர் கொடு அம்மா. 17ஆம் தேதிக்குள் கொடு. என்னை மன்னித்துவிடு.

ஜோதி

*

முதலிபாளையம்,
14-10-2025

ஜோதிக்கு,

நாங்கள் நலம். உனக்குப் பசி எடுக்கிறதா, தூக்கம் வருகிறதா என்று இதைப் படித்ததும் எழுது.

அந்த மூன்று சொல்லும் எனக்கு முன்பே தெரியும். அகராதி வாங்கி வந்தது அதற்குத்தான். மூன்றையும் பார்த்த பிறகு, என் மகள் கவனக்குறைவாகத் திருத்தியிருக்கிறாள் என்று நினைக்கத்தான் ஆசைப்பட்டேன். முடியவில்லை. நீ கவனக்குறைவான பிள்ளை இல்லை. என்னைப் போட்டிக்கு வந்தவளாகப் பார்க்கிறாய் என்று புரிந்தது. பெற்ற பிள்ளையோடு ஓடி நான் ஜெயித்து என்ன செய்யப்போகிறேன் என்றுதான் மூட்டை கட்டினேன். உனக்காகச் செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன். அதில் ஒரு பெருமைகூட இருந்தது.

போன வியாழக்கிழமை செக்கிங் டேபிளில் ஒரு வெள்ளை பனியனை எடுத்துப் பார்த்தேன். ஓட்டை இல்லை, கறை இல்லை, தையல் விடவில்லை. எனக்கு மனது சரியில்லை. குறை காட்டுவதற்கு ஒட்டுகிற ஸ்டிக்கர் ஒன்றைச் சும்மாவே கிழித்து அதன் மேல் ஒட்டப் போனேன். கை நின்றுவிட்டது. பதினாறு வருசமாக இந்த வேலை பார்க்கிறேன். நல்ல பீஸில் நான் ஸ்டிக்கர் ஒட்டியதே இல்லை. ஒட்டினால் அது குறையுள்ள செகண்ட்ஸ் சரக்கில் சேர்ந்து, மூட்டையோடு காதர்பேட்டை மலிவுக் கடைகளுக்குப் போய்விடும். திரும்பி வராது. அன்றைக்குத்தான் ஜோதி, உன் மேல் எனக்குக் கோபம் வந்தது. அதுவரைக்கும் வருத்தம்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை பரணிலிருந்து மூட்டையை இறக்கினேன். அப்பா முக்காலியைப் பிடித்துக்கொண்டு, "பாத்து இறங்கு, பாத்து இறங்கு" என்று பத்துத் தடவை சொன்னார். சனிக்கிழமை தரணியிடம் சொல்லிப் பரீட்சைக்குப் பேர் கொடுத்தாயிற்று. உன் கடிதம் நேற்றுதான் வந்தது. நீ சொல்லி நான் கொடுக்கவில்லை என்பது உனக்குத் தெரிய வேண்டும்.

மூன்று தாள் எழுதுகிறேன். நீ முதலில் சொன்ன ஒன்றும் இல்லை, இப்போது சொல்கிற நாலும் இல்லை. என் நேரத்தை நானே உட்கார்ந்து எண்ணினேன். காலையில் நாலரையிலிருந்து ஆறு வரை. பஸ்சில் இருபது நிமிடம், உட்கார இடம் கிடைத்தால். மத்தியானம் சாப்பிட்டது போகக் கால் மணி. வகுப்பு இல்லாத ஞாயிறு. இதற்குள் தமிழும் இரண்டு வரலாறும்தான் அடங்கும். ஆங்கிலம் அடுத்த முறை. உன்னிடமே கேட்டிருக்கக் கூடாது. எனக்குச் சோம்பல். முடிவெடுக்கிற பாரத்தை உன் தலையில் வைத்துவிட்டேன்.

உனக்கு எத்தனை என்று நானும் சொல்லப்போவதில்லை. உன் நேரத்தை நீ எண்ணு.

மன்னிப்பு கேட்டிருக்கிறாய். அதை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. தீபாவளிக்கு வீட்டுக்கு வா. முகத்தைப் பார்த்தால் வருகிறதா என்று பார்ப்போம்.

அம்மா

*

மதுரை,
2-2-2026

அன்புள்ள அம்மாவுக்கு,

நேற்று சாயங்காலம் நல்லபடியாக வந்து சேர்ந்தேன். தாராபுரத்தில் பஸ் அரை மணி நேரம் நின்றது, அவ்வளவுதான். கழுத்துக்கு வாங்கி வந்த தைலத்தைத் தடவினாயா?

வீட்டில் வைத்துச் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். என் செமஸ்டர் முடிவு வந்துவிட்டது. நாலு தாள் பாஸ். பொருளியல் போய்விட்டது. இந்த செமஸ்டரில் ஐந்தும், போன அந்த ஒன்றும் சேர்த்து ஆறு எழுத வேண்டும். ஆசிரியை படிவத்தை நீட்டி, "வேற ஏதாவது எடுக்கிறியா?" என்று கேட்டார். ஒரு நாள் டைம் கேட்டு வாங்கி, மணி மணியாக எண்ணிப் பார்த்தேன். சனிக்கிழமை காலையில் மட்டும்தான் இடம் இருந்தது. அதைக் காலியாகவே விட்டுவிட்டேன்.

அப்படிக் காலியாக இருந்த சனிக்கிழமையில்தான், முந்தாநாள், உன் இரண்டாவது பரீட்சைக்குப் பல்லடம் வந்தேன். நீ உள்ளே போன பிறகு நான் கேட் பக்கத்து வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தேன். பைக்கில் சாய்ந்து நின்ற ஒருத்தர், "யாருக்குங் கண்ணு நிக்கற? அக்காளுக்கா?" என்று கேட்டார். "அம்மாவுக்குங்க" என்றேன். "அம்மாளுக்கா" என்று என்னை இன்னொரு தடவை பார்த்தார். அவர் மனைவி உள்ளே எழுதிக்கொண்டிருந்தாராம். இவர் இடுப்பில் ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டு அங்கேயும் இங்கேயும் நடந்துகொண்டே இருந்தார்.

உண்மையைச் சொல்கிறேன் அம்மா. அப்போதும் எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. மதிப்பெண்ணை நினைத்து இல்லை. கேட்டுக்குள் நுழைந்ததும் இரண்டு பேர் உன்னை, "வாங்கக்கா" என்று கூப்பிட்டார்கள். யார் அவர்கள் என்று எனக்குத் தெரியாது. மூன்று பேருமாக எதையோ பேசிச் சிரித்துக்கொண்டு போனீர்கள். நீ அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. ஹால் டிக்கெட்டை விசிறி மாதிரி ஆட்டிக்கொண்டே போனாய். மாடிப்படி ஏறும்போதாவது பார்ப்பாய் என்று கையைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றேன். திரும்பிப் பார்க்கவே இல்லை.

மூன்று மணி நேரம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். நான் வெளியே வெயிலில் நிற்கிறேன் என்று ஒரு தடவையாவது நினைத்தாயா?

ஜோதி

*

முதலிபாளையம்,
6-2-2026

அன்பு மகள் ஜோதிக்கு,

தைலம் தடவினேன். கழுத்து இன்று பரவாயில்லை. அப்பாவுக்கு ஷிப்மென்ட் வேலை, நின்று நின்று கால் வீங்கியிருக்கிறது. சுடுதண்ணீர் வைத்துக் கொடுக்கிறேன். நீ வெயிலில் நின்றதில் உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

பொருளியல் போனதை அப்பாவிடம் சொல்லிவிட்டேன். "ஒண்ணுதான போச்சு" என்றார்.

அந்த இரண்டு பேரில் கண்ணாடி போட்டவர் குழந்தையம்மாள், சத்துணவு ஆயா. இன்னொருத்தர்தான் நான் எழுதியிருந்த போலீஸ்காரம்மா. அன்றைக்கு, "கேள்வி கஷ்டமா வந்தா என்ன செய்யறதுங்க?" என்று குழந்தையம்மாள் கேட்டார். "ஸ்டேஷனுக்கு வாங்க, எப்.ஐ.ஆர். போட்டுரலாம்" என்று அந்த அம்மா சொன்னது. அதற்குத்தான் சிரித்தோம்.

நீ கேட்டதற்கு நினைத்தேன் என்று எழுதினால் உனக்கு ஆறுதலாக இருக்கும். ஆனால் நினைக்கவில்லை ஜோதி. கேள்வித்தாளைக் கையில் வாங்கியதும் எல்லாம் போய்விட்டது. அப்பா போய்விட்டார், கம்பெனி போய்விட்டது, நீயும் போய்விட்டாய். கை வலித்ததுகூடத் தெரியவில்லை. கூடுதலாக இரண்டு தாள் கேட்டு வாங்கி எழுதினேன். மணி அடித்து, தாள்களை நூலால் கட்டிக் கொடுத்துவிட்டுப் படியிறங்கி வரும்போதுதான், வெளியே என் பிள்ளை நிற்கிறாளே என்று நினைவு வந்தது. உன்னைப் பெற்ற நாளிலிருந்து அவ்வளவு நேரம் உன்னை நான் மறந்து இருந்ததில்லை. படியிலேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். தப்பு செய்துவிட்ட மாதிரியும் இருந்தது. இன்னும் ஒரு மணி நேரம் கொடுத்திருந்தால் அதையும் எழுதியிருப்பேன் என்றும் இருந்தது.

மூன்றாவது தாள் 14ஆம் தேதி, சனிக்கிழமை. முதலாளியிடம் லீவு சொல்லிவிட்டேன். குழந்தையம்மாளும் நானும் ஒரே பஸ்சில் போவதாகப் பேசிவைத்திருக்கிறோம்.

அன்றைக்கு நீ வர வேண்டாம்.

அம்மா